மாடல் ரயில் இன்ஜினின் சக்கர இடைவெளியை அளந்து சரிசெய்வது எப்படி

நேர்ப் பாதையில் அழகாக ஓடுகிற இன்ஜின், பாதை இரண்டாகப் பிரியும் டர்ன்அவுட்டைத் தொட்டதும் துள்ளுகிறது. அல்லது ஒரே வளைவில், ஒரே இடத்தில், அதே சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறி வெளியே விழுகிறது. புதிதாக மாடல் ரயிலுக்கு வந்தவர்கள் முதலில் தண்டவாளத்தைச் சந்தேகப்படுவார்கள். பிறகு இன்ஜினுக்குள் எடை சேர்த்துப் பார்ப்பார்கள். அப்புறம் வேகத்தைக் குறைப்பார்கள். எதுவும் பலிக்காதபோது ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து பார்க்க வேண்டும். எச்ஓ (HO) என்ற பரவலான மாடல் அளவில் அந்தத் தூரம் கால் மில்லிமீட்டர் பிசகினாலே இன்ஜின் தடம் புரளக்கூடும். அந்தப் பிசகு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் நல்ல இன்ஜின்கள்கூட 'ராசியில்லாத இன்ஜின்' என்று பெயர் வாங்கி அலமாரிக்குப் போய்விடுகின்றன.

இந்த வேலைக்குப் பெரிய பட்டறை தேவையில்லை. ஆனால் அளக்காமல் ஒரு சக்கரத்தைக்கூட நகர்த்தக் கூடாது. கையில் எடுத்ததும் இழுத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இழுத்த பிறகு, பழைய நிலை எதுவென்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

எந்தத் தூரத்தை அளக்கிறோம்?

கேஜ் என்று பொதுவாகச் சொல்வது, இரண்டு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையே உள்ள தூரம். எச்ஓ, பிரிட்டிஷ் மாடல்களின் ஓஓ (OO) இரண்டிலும் அது 16.5 மி.மீ. சக்கரத்தில் நாம் அளப்பது அதை அல்ல. சக்கரத்தின் உள்ஓரத்தில் உயர்ந்து நிற்கும் விளிம்பை ஃபிளேஞ்ச் என்கிறோம். சக்கரம் தண்டவாளத்தை விட்டு விலகாமல் பிடித்துக்கொள்வது அதுதான். இரண்டு ஃபிளேஞ்சுகளின் முதுகுகளுக்கு நடுவே உள்ள தூரத்தைத்தான் அளக்கிறோம். இதைப் பேக்-டு-பேக் அளவு என்பார்கள்.

முதுகை ஏன் அளக்க வேண்டும் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. டர்ன்அவுட்டில் இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஃப்ராக் இருக்கிறது. அங்கே ஃபிளேஞ்ச் போவதற்காகத் தண்டவாளத்தில் ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியைக் கடக்கும் ஒரு கணம், அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு வழிகாட்ட எதுவும் இல்லை. அதற்காகத்தான் எதிர்ப்பக்கத்தில், வெளித் தண்டவாளத்தை ஒட்டி ஒரு குட்டையான கார்டு ரெயில் வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தின் முதுகு அந்தக் கார்டு ரெயிலில் உரசும். அது மொத்த அச்சையும் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கும். அதனால் இந்தப் பக்கத்து ஃபிளேஞ்ச், ஃப்ராக்கின் கூர்முனையைத் தொடாமல் சரியான பக்கமாகப் போய்விடும்.

இப்போது இரண்டு சக்கரங்களும் இருக்க வேண்டியதைவிட விலகி இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டு ரெயில் ஒரு சக்கரத்தை ஒழுங்காகப் பிடித்திருக்கும். ஆனால் மற்ற சக்கரம் தூரத்தில் இருப்பதால், அதன் ஃபிளேஞ்ச் நேராகப் போய் ஃப்ராக்கின் மூக்கில் மோதும். சில சமயம் மூக்கின் தவறான பக்கத்தில் நுழைந்துவிடும். அப்போது இன்ஜினின் முன் போகி (அடியில் தனியாகத் திரும்பும் சக்கரத் தொகுதி) ஒரு பாதையிலும் பின் போகி வேறு பாதையிலும் போவதைப் பார்க்கலாம். வளைவிலும் இந்த இன்ஜின் படுத்தும். இரண்டு ஃபிளேஞ்சும் தண்டவாளங்களுக்கு இடையில் இறுகிக்கொள்வதால் சக்கரம் மேலே ஏறப் பார்க்கும்.

சக்கரங்கள் நெருங்கி இருந்தால் வேறு மாதிரிப் பிரச்சினை. ஃப்ராக்கை ஒட்டிய விங் ரெயில், எதிரே உள்ள கார்டு ரெயில் இரண்டும் சக்கரங்களின் முதுகுகளுக்கு நடுவில்தான் அடங்க வேண்டும். இடம் போதவில்லை என்றால் சக்கரங்கள் அவற்றைக் கவ்விக்கொண்டு மேலே எழும்பும். வேகமாகப் போனால் இன்ஜின் ஒரு துள்ளு துள்ளிவிட்டுப் போய்விடும். மெதுவாகப் போனால் அங்கேயே நிற்கும், அல்லது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு மின்தொடர்பை இழக்கும். "மெதுவாக ஓட்டினால்தான் நின்றுபோகிறது" என்ற புகாரைக் கேட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எண்கள்

எச்ஓ அளவுக்கும், இன்றைய ஓஓ இன்ஜின்களுக்கும் பேக்-டு-பேக் சுமார் 14.4 மி.மீ. என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஓஓ-வில் 14.5 வரை வைத்துக்கொள்பவர்களும் உண்டு. 9 மி.மீ. பாதையில் ஓடும் 'என்' (N) அளவுக்குச் சுமார் 7.5 மி.மீ. பிரிட்டிஷ் 'ஓ' (O) அளவின் 32 மி.மீ. ஃபைன்ஸ்கேல் (நுண்ணளவு) பாதைக்கு 29 மி.மீ. பாதையை இன்னும் துல்லியமாகப் போடுகிறவர்களுக்கு அளவுகள் மாறும். 18.2 மி.மீ. பாதை கொண்ட ஈஎம் முறையில் 16.5 மி.மீ., 18.83 மி.மீ. பாதை கொண்ட பி4 முறையில் சுமார் 17.75 மி.மீ.

இந்த எண்களை யாரோ வசதிக்காகச் சொல்லிவைக்கவில்லை. அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய என்எம்ஆர்ஏ என்ற தேசிய மாடல் ரயில் சங்கம், தண்டவாளத்துக்கு எஸ்-3, சக்கரத்துக்கு எஸ்-4 என்று தரங்களை வகுத்திருக்கிறது. சக்கரத்தின் குறுக்குவெட்டு வடிவத்துக்கு ஆர்பி-25 என்ற பரிந்துரையும் அவர்களுடையதுதான். ஐரோப்பாவில் என்இஎம் தரங்கள் இருக்கின்றன. ஒரு தரத்தில் செய்த டர்ன்அவுட்டில் வேறு தரத்துச் சக்கரம் தடுமாறினால் அதில் அதிசயம் இல்லை. பழைய தடித்த ஃபிளேஞ்ச் கொண்ட சக்கரங்களை வேண்டுமென்றே 14 மி.மீ. அளவில் நெருக்கமாக வைத்திருப்பார்கள். ஃபிளேஞ்ச் தடித்திருந்தால் முதுகு உள்ளே போகத்தானே வேண்டும்? அவற்றை 14.4-க்கு விரித்தால் ஃபிளேஞ்சுகளின் வெளிப்பக்கம் தண்டவாளங்களில் இறுகும். ஆகவே எண்ணை வைக்கும் முன் ஃபிளேஞ்சின் தடிமனையும் பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது தெளிவாகும். 14.4 மி.மீ. பேக்-டு-பேக், இரு பக்கமும் சுமார் 0.75 மி.மீ. ஃபிளேஞ்ச் என்றால், வெளிப்பக்க அளவு 15.9 மி.மீ. பாதை 16.5. மீதி இருப்பது 0.6 மி.மீ. தளர்வு. இந்த 0.6-தான் வளைவுகளில் சக்கரத்துக்கு இடம் கொடுக்கிறது. ஃபிளேஞ்ச் 1 மி.மீ. தடிமன் என்றால் மீதி 0.1 மட்டுமே.

நடுவில் மூன்றாவது மின்தொடர்பு கொண்ட மார்க்லின் வகைப் பாதையில் ஓடும் இன்ஜின்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றின் சக்கரங்கள் சுமார் 14.0 மி.மீ. அளவில் இருக்கும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே மின்காப்பும் இருக்காது. இடைவெளியை மட்டும் விரித்து இரட்டைத் தண்டவாள மின்பாதையில் வைத்தால் நேராக ஷார்ட் ஆகும். அதற்கு மொத்த சக்கர ஜோடியையும் மாற்றுவதுதான் முறை.

கருவிகள்

டிஜிட்டல் காலிப்பர் ஒன்று வேண்டும். அதன் திரை 0.01 மி.மீ. காட்டினாலும், சாதாரண காலிப்பரின் நம்பகம் அதைவிடக் கொஞ்சம் குறைவுதான். நம் வேலைக்கு அது போதும். அடுத்தது உங்கள் அளவுக்கான கேஜ்; இங்கே கேஜ் என்பது பாதை அகலம் அல்ல, சோதிக்கும் கருவி. என்எம்ஆர்ஏ கேஜ் என்பது எஃகுத் தகட்டில் வெட்டிய ஒரு சின்னக் கருவி. சக்கரம், தண்டவாளம், ஃப்ராக் இடைவெளி, கார்டு ரெயில் எல்லாவற்றையும் அதிலேயே சோதிக்கலாம். பித்தளையில் செய்த பேக்-டு-பேக் கட்டைகளும் கிடைக்கின்றன. அவற்றைச் சக்கரங்களின் நடுவே நுழைத்துப் பார்த்தால் போதும், எண்ணே படிக்க வேண்டாம். இரண்டில் ஒன்றை மட்டும் வாங்க முடியும் என்றால் கேஜை வாங்குங்கள். காலிப்பர் எவ்வளவு பிசகு என்று சொல்லும். கேஜ் இந்தச் சக்கரம் ஓடுமா ஓடாதா என்று சொல்லும்.

மற்றவை வீட்டில் இருப்பவைதான். நுண்ணிய ஸ்க்ரூடிரைவர்கள், இன்ஜினைத் தலைகீழாகக் கிடத்த ஒரு நுரைமெத்தைத் துண்டு, திருகுகள் உருண்டு போகாத விளிம்புள்ள தட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மசகு. கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். பழைய சரக்குப் பெட்டி ஒன்றிலிருந்து உலோகச் சக்கர ஜோடி கிடைத்தால், முதலில் அதை எடுத்துப் பழகுங்கள். திருகியபடி இழுத்தால் எவ்வளவு பலத்துக்குச் சக்கரம் நகர்கிறது என்பதை விரல் தெரிந்துகொள்ள வேண்டும். அதை எழுத்தில் சொல்லித்தர முடியாது.

முதலில் தண்டவாளம்

இன்ஜினைத் தொடும் முன், அது தடம் புரளும் இடத்தில் அதே கேஜை வைத்துப் பாருங்கள். தண்டவாள இடைவெளி, ஃப்ராக் இடைவெளி, கார்டு ரெயில் மூன்றையும் பாருங்கள். வளைத்துப் போட்ட ஃபிளெக்ஸ் தண்டவாளம் சில இடங்களில் நெருங்கிவிடும். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் உள்ஓரம் ஒரு மயிரிழை துருத்திக்கொண்டிருக்கும். கார்டு ரெயில் பக்கத்துத் தண்டவாளத்திலிருந்து விலகி இருந்தால், அந்தத் தண்டவாளத்தைப் பார்த்த பக்கத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை ஒட்டினால் தீர்ந்துவிடும்.

வேறு இரண்டு மூன்று இன்ஜின்களை அதே இடத்தில் ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. எல்லாமே அங்கே தடுமாறினால் பாதையில்தான் கோளாறு. ஒரே இன்ஜின் பல டர்ன்அவுட்டுகளில் தடுமாறினால், சரி, சக்கரத்துக்குப் போவோம்.

அளக்கும் முறை

இன்ஜினைப் பாதையிலிருந்து எடுத்து நுரைமெத்தையில் தலைகீழாகக் கிடத்துங்கள். சக்கரங்களில் படிந்த கறுப்பு அழுக்கை ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ஃபிளேஞ்சின் முதுகிலும் அழுக்கு ஒட்டியிருக்கும். அது அளவைப் பொய்யாக்கும்.

காலிப்பரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, உள்அளவு எடுக்கும் தாடைகளைச் சக்கரங்களின் நடுவே நுழையுங்கள். அச்சுக்கு அருகில் அளக்காமல் விளிம்புக்கு அருகில் அளக்க வேண்டும். காலிப்பரை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்துப் பாருங்கள். சாய்ந்து நின்றால் எண் கூடும். ஆகவே வருகிற எண்களில் மிகச் சிறியதுதான் உண்மையான அளவு. தாடையை அழுத்தித் திறக்காதீர்கள். பிளாஸ்டிக் கியரில் பொருந்திய சக்கரம் அந்த அழுத்தத்துக்கே நகர்ந்துவிடும்.

பிறகு சக்கரத்தைக் கால் சுற்று திருப்பி மறுபடி அளவெடுங்கள். இப்படி ஒவ்வொரு அச்சுக்கும் நான்கு அளவுகள். நான்கும் ஒன்றுபோல இருந்து, எண் மட்டும் தவறு என்றால் அது எளிய வேலை. நகர்த்தினால் முடிந்தது. சுற்றும்போது எண் ஏறி இறங்கினால் சக்கரம் ஆடுகிறது என்று பொருள். அச்சு வளைந்திருக்கலாம், சக்கரம் கோணலாகப் பதிந்திருக்கலாம். அதை இடைவெளி மாற்றிச் சரிசெய்ய முடியாது. கழற்றி நேராகப் பதிக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஜோடியை மாற்ற வேண்டும்.

எல்லா அச்சுகளின் அளவையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிவிட்டு, அதன் பிறகே கையை வையுங்கள். நான்கு அச்சில் மூன்று 14.4, ஒன்று 14.05 என்று வந்தால் குற்றவாளி யார் என்று தாளே சொல்லிவிடும். எல்லாமே 14.1 என்று வந்தால், தொழிற்சாலையிலேயே அப்படி வைத்திருக்கிறார்கள். அப்போது ஃபிளேஞ்ச் தடிமனைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டர்ன்அவுட்டுகளில் ஒழுங்காக ஓடுகிற ஒரு இன்ஜினை, எண் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பிரிக்க வேண்டாம்.

டீசல், மின்சார இன்ஜின்கள்

இவற்றில் பெரும்பாலானவற்றின் சக்கர ஜோடி ஒரே மாதிரி அமைப்புதான். நடுவில் ஒரு பிளாஸ்டிக் கியர், அதன் இரு பக்கமும் குழாய்போல நீண்டிருக்கும். ஒவ்வொரு சக்கரமும் ஒரு குட்டையான அரை அச்சோடு வந்து அந்தக் குழாயில் இறுக்கமாகப் பொருந்தியிருக்கும். நடுவில் பிளாஸ்டிக் இருப்பதால் இரண்டு பக்கத்து மின்சாரமும் சேராது.

போகியின் அடியில் இருக்கும் மூடியைத் திறக்க வேண்டும். சிலவற்றில் கொக்கிகள், சிலவற்றில் திருகுகள். கொக்கியை ஒரு முனையிலிருந்து மெல்ல நெம்புங்கள். மூடி வந்ததும் சக்கர ஜோடிகள் அப்படியே மேலே எழும்பி வரும். எடுக்கும் முன் படம் எடுங்கள். எந்த அச்சு எந்த இடத்தில் இருந்தது, பித்தளைத் தாங்கிகள் எந்தப் பக்கம் பார்த்திருந்தன, மின்சாரத்தை வாங்கும் பிக்கப் தகடுகள் சக்கரத்தின் முதுகைத் தொட்டனவா, தாங்கியைத் தொட்டனவா என்பதெல்லாம் படத்தில் தெரிய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ஜோடியை மட்டும் எடுத்துச் சரிசெய்து திரும்ப வைத்தால் குழப்பமே வராது.

ஜோடியைக் கையில் எடுத்ததும் முதலில் கியரின் குழாய்ப் பகுதியை உருப்பெருக்கியில் பாருங்கள். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. பல ஆண்டுகள் அரை அச்சின் இறுக்கத்தில் இருந்த பிளாஸ்டிக், நீளவாக்கில் மயிரிழை அளவுக்கு வெடிக்கும். வெடித்த கியர் சக்கரத்தைப் பிடித்து வைக்காது. இன்று சரியாக வைத்தால் நாளை விலகியிருக்கும். கூடவே, வெடித்த இடத்தில் இரண்டு பற்களின் இடைவெளி அகலமாகிவிடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் 'டக், டக்' என்று ஒரு சத்தமும் ஒரு சின்ன உலுக்கலும் வரும். இந்தச் சத்தம் கேட்கிற இன்ஜினில் இடைவெளியைத் திருத்துவது வீண் வேலை. பசை போட்டு ஒட்டவும் முயல வேண்டாம். அந்த வழவழப்பான பிளாஸ்டிக்கில் பசை நிற்காது, நின்றாலும் பல்லின் அளவு சரியாகாது. அதே பற்களின் எண்ணிக்கையும், அரை அச்சுக்கு ஏற்ற துளை விட்டமும் கொண்ட புதுக் கியர் வாங்கி மாற்றுங்கள்.

கியர் நன்றாக இருக்கிறது என்றால், இரண்டு சக்கரங்களையும் இரண்டு கைகளின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு பிடியுங்கள். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் திருகியபடியே, விரிக்க வேண்டுமானால் வெளியே இழுங்கள், நெருக்க வேண்டுமானால் உள்ளே அழுத்துங்கள். திருகாமல் நேராக இழுத்தால் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று மூன்று மில்லிமீட்டர் வந்துவிடும். திருகினால் சிறிது சிறிதாக வரும். ஒரு முறை திருகியதும் நிறுத்தி அளந்து பாருங்கள். 0.1 மி.மீ. போலத்தான் ஒவ்வொரு முறையும் நகர வேண்டும்.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, நடு. இடைவெளி 14.4 வந்தால் போதாது, கியர் இரண்டு சக்கரங்களுக்கும் சரி நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறைவாகவும் இருந்தால், அந்த அச்சு மட்டும் போகிக்குள் ஒரு பக்கம் தள்ளியே ஓடும். ஒரு சக்கரம் போகியின் உட்சுவரில் உரசும், அல்லது மற்ற அச்சுகளோடு ஒரே கோட்டில் வராது. கியரின் பக்கவாட்டிலிருந்து ஒவ்வொரு சக்கரத்தின் முதுகு வரை காலிப்பரின் ஆழக்கம்பியால் அளந்து ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, நெருக்கும்போது ஒரு எல்லை இருக்கிறது. இரண்டு அரை அச்சுகளும் குழாய்க்குள் ஒன்றையொன்று நோக்கி வருகின்றன. முனைகள் தொட்டுக்கொண்டால் ஷார்ட் ஆகும். பொருத்தும் முன் மல்டிமீட்டரால் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே தொடர்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, சில வகைகளில் அச்சின் கூர்முனை சக்கரத்துக்கு வெளியே நீண்டு, பக்கத் தகட்டில் உள்ள குழியில் சுழலும். இவற்றில் அரை அச்சை வெளியே இழுத்தால் முனைக்கு முனை நீளமும் கூடிவிடும். கூடினால் குழிகளுக்குள் இறுகி, சக்கரம் சுழலவே சிரமப்படும். திருப்பிப் பொருத்தியதும் ஜோடியைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லேசான ஆட்டம் இருந்தே ஆக வேண்டும்.

திரும்பப் பொருத்தும்போது தாங்கிகளைப் பழைய திசையிலேயே வையுங்கள். சக்கரத்தின் முதுகைத் தொடும் பிக்கப் தகடுகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். சக்கரம் வெளியே நகர்ந்திருப்பதால் தகடு தொடாமல் போயிருக்கலாம். சாமணத்தால் மிக மெதுவாக வளைத்துத் தொட வையுங்கள். அதிகம் அழுத்தினால் அது பிரேக் மாதிரி வேலை செய்யும். கியரில் ஒரு துளி மசகு போதும். சக்கரத்தின் ஓடுபரப்பில் மசகு படக் கூடாது. ரப்பர் வளையம் போட்ட சக்கரம் என்றால் அந்த வளையத்தில் கட்டாயம் படக் கூடாது.

நீராவி இன்ஜின்கள்

இங்கே நிதானம் இரண்டு மடங்கு வேண்டும். நீராவி இன்ஜினின் பெரிய இயக்கச் சக்கரங்களைப் பக்கவாட்டில் சைடு ராடுகள் என்ற தண்டுகள் இணைக்கின்றன. அவை மாட்டியிருக்கும் முளைதான் கிராங்க் பின். ஒரு பக்கத்துக் கிராங்க் பின், மறுபக்கத்துக் கிராங்க் பின்னுக்கு 90 பாகை முன்னோ பின்னோ இருக்கும். இதைக் குவார்ட்டரிங் என்பார்கள். எல்லா அச்சுகளிலும் அந்தக் கோணம் ஒன்றுபோல இருந்தால்தான் ராடுகள் இறுகாமல் சுழலும். டீசலில் சொன்னபடி இங்கே திருகினால், இடைவெளி சரியாகும், கோணம் போய்விடும். இன்ஜின் நொண்டியபடி ஓடும், அல்லது பாதிச் சுற்றில் பூட்டிக்கொள்ளும்.

ஆனால் ஒரு ஆறுதல் உண்டு. தடம் புரளும் நீராவி இன்ஜின்களில் பெரும்பாலும் முதலில் விழுவது பெரிய சக்கரங்கள் இல்லை. முன்னால் இருக்கும் சின்ன வழிகாட்டிப் போகியோ, பின்னால் வரும் டெண்டரின் (நிலக்கரிப் பெட்டியின்) சக்கரங்களோதான். அவற்றில் கிராங்க் இல்லை, தாராளமாகத் திருகலாம். ஆகவே முதலில் அவற்றை அளந்து சரிசெய்து ஓட்டிப் பாருங்கள். பலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இயக்கச் சக்கரமே பிசகியிருக்கிறது என்று அளவு உறுதியாகச் சொன்னால், சக்கரத்தை அச்சிலிருந்து இழுக்கும் வீல் புல்லர் அல்லது அழுத்தும் கருவி இல்லாமல் தொடாதீர்கள். சுத்தியலால் தட்டுவது, கத்தி முனையால் நெம்புவது இரண்டும் சக்கரத்தைக் கோணலாக்கும். முதலில் ராடுகளைக் கழற்றுங்கள். சக்கரத்தின் நடுமுனையிலும் அச்சின் முனையிலும் சேர்த்து ஒரு நேர்கோட்டை மெல்லிய பேனாவால் கீறிக்கொள்ளுங்கள். சக்கரம் கொஞ்சமாவது சுழன்றிருந்தால் கோடு உடைந்து தெரியும். கருவியின் பிடி சக்கரத்தின் நடுப்பகுதியைத் தாங்க வேண்டும். வெளிவளையத்தைத் தாங்கி அழுத்தினால், பிளாஸ்டிக் நடுப்பகுதியும் உலோக வளையமும் பிரிந்துவிடும். அந்தப் பிளாஸ்டிக்தான் பல இன்ஜின்களில் மின்காப்பும்கூட. சூடு காட்டித் தளர்த்தும் யோசனை வேண்டவே வேண்டாம்.

நகர்த்த வேண்டிய தூரத்தை இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் வெளியே தள்ளினால், அந்தப் பக்கத்துக் கிராங்க் பின் தலை சிலிண்டருக்குப் பின்னால் முன்னும் பின்னும் ஓடும் கிராஸ்ஹெட்டில் இடிக்க வாய்ப்பு உண்டு. முன் அச்சில் இது அடிக்கடி நடக்கும். நடு அச்சுகளில் பக்கவாட்டு ஆட்டம் கூடுதலாக இருப்பதைப் பார்த்துப் பிழை என்று நினைத்து வாஷர் போட்டு நிரப்பாதீர்கள். சிறிய ஆரமுள்ள வளைவுகளைக் கடக்கத்தான் அந்த ஆட்டத்தை விட்டிருக்கிறார்கள்.

முடிந்ததும் மோட்டாரின் கியரை விலக்கி வைத்து, ராடுகளை மாட்டி, சட்டத்தை மட்டும் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் விரலால் தள்ளிப் பாருங்கள். இறுக்கம் இல்லாமல் உருண்டால் குவார்ட்டரிங் தப்பித்தது. இறுகினால், ராடுகளை இரண்டிரண்டு அச்சாக மாட்டிப் பார்த்து எந்த அச்சு என்று கண்டுபிடிக்கலாம். அதைத் திருத்த, கோணம் மாறாமல் பிடித்து வைக்கும் குவார்ட்டரிங் ஜிக் தேவைப்படும். முதல் இன்ஜினிலேயே இதைச் செய்யும் கட்டாயம் யாருக்கும் இல்லை. அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துச் செய்து வாங்குவது நல்ல முடிவுதான்.

ஓட்டிப் பார்த்தல்

மின்சாரம் கொடுக்கும் முன், போகி கழன்று வரக்கூடியது என்றால் அதை மட்டும் கையில் எடுத்து டர்ன்அவுட்டில் விரலால் உருட்டுங்கள். ஃப்ராக்கில் ஏதாவது தட்டுகிறதா என்று விரலுக்குத் தெரியும். பிறகு இன்ஜினை முழுதாகப் பொருத்தி மிக மெதுவாக ஓட்டுங்கள். பாதை பிரியத் தொடங்கும் பக்கமிருந்தும், எதிர்ப்பக்கமிருந்தும், நேர்ப்பாதை வழியாகவும், பிரியும் பாதை வழியாகவும், இன்ஜின் முன்னோக்கியும் பின்னோக்கியும். பாதையின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய், எதிரே ஒரு விளக்கை வைத்தால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கலாம். வெளிச்சம் தெரிகிற இடத்தில் சக்கரம் தூக்கியிருக்கிறது.

இடைவெளி சரியாக இருந்தும் விழுகிறது என்றால், வேறு காரணங்களையும் பார்த்துவிடுங்கள். போகி திரும்பும்போது மின்கம்பி இழுத்துப் பிடிக்கலாம். முன் போகிக்கு எடையோ ஸ்பிரிங்கோ போதாமல் இருக்கலாம். பெட்டிகளை இணைக்கும் கப்ளரின் அடியில் தொங்கும் கம்பி தாழ்ந்து ஃப்ராக்கில் மாட்டலாம். பழைய ஆழமான ஃபிளேஞ்ச், உயரம் குறைந்த தண்டவாளத்தில் ஆணிமொட்டுகளின் மேல் ஏறி உருளலாம். கடைசியில் சொன்னதில் சக்கரம் கடகடவென்று நேர்ப்பாதையிலேயே சத்தம் போடும்.

சரியான அளவு கிடைத்ததும், இன்ஜினின் பெட்டிக்குள் ஒரு சீட்டில் ஒவ்வொரு அச்சின் அளவையும் தேதியோடு எழுதி வையுங்கள். சில மணி நேரம் ஓடிய பிறகு ஒரு முறை, அதன் பிறகு எப்போது சுத்தம் செய்கிறீர்களோ அப்போதெல்லாம் அளந்து சீட்டோடு ஒப்பிடுங்கள். ஏதாவது ஒரு அச்சு மட்டும் 0.1 மி.மீ. விலகியிருந்தால், மறுபடி திருகிச் சரிசெய்ய அவசரப்படாமல் கியரை எடுத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புது இன்ஜின் வாங்கினாலும், உத்தரவாதக் காலத்துக்குள் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே அளந்துவிடுங்கள். அளவு தவறியிருந்தால் நீங்கள் பிரிக்க வேண்டாம், கடைக்காரரே மாற்றித் தரட்டும்.